துளசி முனை

"நலமுங்க," என்றது குருதிச்சலவி.

துளசிமணி கணவனின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. முகமும் உப்பியிருந்தது. மூச்சு வாங்குவது தெரியாமலிருக்க மருதாசலம் மெதுவாகப் பேசினான். அதுவும் முடியாதபோது பேசாமலே இருந்தான்.

குருதிச்சலவி என்பது அரசாங்கம் வைத்த பெயர். சனங்களுக்கு அது வெறும் சலவி. சிறுநீரகம் கைவிட்டவர்களின் இரத்தத்தை ஒரு குழாய் வழியே இழுத்து, அழுக்கையும் மிகுதியான நீரையும் பிரித்தெடுத்து, இன்னொரு குழாய் வழியே உடம்புக்குத் திருப்பித் தரும் பெட்டி. முன்பெல்லாம் இதற்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் முறை வைத்துக் காத்துக் கிடந்தார்கள். இப்போது தையல் மெஷின் மாதிரி வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. வாய் வேறு உண்டு. கோயமுத்தூருக்கு அனுப்பிய சலவிகளுக்கு ஊர் மரியாதையையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் துளசிமணி.

"இல்ல."

"என்ற தலைமேல சத்தியமாச் சொல்லுங்க."

"உன்ற தலை எதுக்கு? சீக்கிரம் போகப்போற தலை என்றகிட்டவே ஒண்ணு இருக்குதே, அது மேல பண்றேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சமையலறைக் கதவை இழுத்துப் பூட்டினாள். சாவி அவள் தாலிக்கொடியில் ஊக்கோடு ஊக்காகத் தொங்கியது. கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் தண்ணீரைப் பூட்டி வைப்பதே கொடுமை. அவன் கண்ணெதிரிலேயே பூட்டுவது இன்னும் கொடுமை. அவளுக்கும் அது தெரியும். ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரத்தத்தில் உப்பும் நீரும் ஏறிக்கொண்டே போகின்றன. பொறிநலத் துறையின் ஆய்வர் வந்து சலவியைச் சோதித்துவிட்டார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆகவே வீட்டுக்காரர் ஒளித்து வைத்துத் தண்ணீரும் வாழைப்பழமும் சாப்பிடுகிறார். கணக்கு அவ்வளவு சுலபம்.

சலவி வீட்டுக்கு வந்த அந்தக் காலத்தில் யாரும் எந்த மெஷினையும் அளந்து பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. மிக்ஸி முதல் லிஃப்ட் வரை எல்லாவற்றிலும் ஒரு தன்னுரைச் சில்லு இருந்தது. தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அந்தந்த மெஷினே சொல்லும். சந்தேகம் வந்தால் ஆய்வர் வருவார். பதிவு பெற்ற ஆய்வுமுனையை மெஷினின் பக்கவாட்டுத் துளையில் செருகுவார். முனையும் மெஷினும் ஒரே பதிலைச் சொல்லும். மற்றவர்கள் முத்திரையைக் கலைத்து உள்ளே கைவைப்பது குற்றம். கடைவீதியில் மல்டிமீட்டர் கேட்டால் கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்ப்பார்.

மருதாசலத்தின் தம்பி நஞ்சப்பன் கிணற்று மோட்டார் கம்பெனியில் பொறியாளர். மோட்டாரை நாள் முழுக்க ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வந்தவன், துளசிமணி காப்பி போடுவதற்குப் பூட்டைத் திறந்ததைப் பார்த்து முகம் சுருங்கிப் போனான்.

"ஏனுங்க அண்ணி, அந்த ஆய்வர் மேடம் வந்து முனையச் செருகினப்ப நானும் இங்கதான இருந்தேன். அப்ப சலவியோட சத்தத்தக் கவனிச்சீங்களா?"

"எப்பவும் கேக்கற சத்தந்தானுங்க தம்பி."

"இல்லீங்க. கொஞ்சம் ஏறுச்சு. அவிய முனையப் பிடுங்கிட்டுப் போனதும் எறங்கிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"என்ற காதுக்குக் கேட்டுதுன்னு சொன்னா எவன் நம்புவான்? மெஷினும் நலம்ங்குது, கவர்மெண்ட் முனையும் நலம்ங்குது. நம்முளுதா ஒரு முனை இருந்தாத்தான் பேச முடியும்."

துளசிமணி காப்பி டம்ளரை அவன் கையில் கொடுக்காமலே நின்றாள். பேசிக்கொண்டிருந்தது சிறைக்குப் போகிற விஷயம்.

ஆய்வுமுனை ஒன்றும் பெரிய வித்தையல்ல. நுனியில் ஓர் ஊசி. ஊசிக்குப் பின்னால், கம்பியில் ஓடும் மின்துடிப்பைக் கலைக்காமல் எட்டிப் பார்க்கிற ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அதற்குச் சோறுபோட ஒரு பொத்தான் பேட்டரி. பார்த்ததைக் கோடாக வரைந்து காட்ட ஒரு திரை. டிரான்சிஸ்டரைப் பழைய காதுகேட்கும் கருவி ஒன்றிலிருந்து நஞ்சப்பன் கழற்றினான். திரைக்கு, விரிசல் விட்ட ஒரு செல்போன். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைமேல் பரப்பிப் பற்றவைத்து முடித்ததும் ஊசியை ஒரு பேட்டரியில் தொட்டுப் பார்த்தான். திரையில் கோடு வந்தது. ஆனால் கை கிட்டே போனால் ஆடியது, நகர்ந்தால் ஆடியது, மருதாசலம் இருமினால்கூட ஆடியது. மனித உடம்பே ஓர் ஏரியல்தான். சுற்றியுள்ள மின்சார இரைச்சலையெல்லாம் வாங்கி ஊசிக்குக் கொடுத்துவிடும்.

"இதுக்கு ஒரு கூடு வேணுமுங்க அண்ணி. கூடு இல்லாம இது அம்மணம்."

கூடு துளசிமணியின் சொந்த மண். அழகுசாதனக் கம்பெனி ஒன்றில் டப்பாக்களுக்கும் குப்பிகளுக்கும் அச்சு வடிவமைக்கிறவள் அவள். உதட்டுச்சாயக் குழல், கண்மை டப்பி, பவுடர் டின் என்று கையில் எடுத்த பொருளுக்கெல்லாம் அளவாகச் சட்டை தைத்துப் பழகியவள். உதட்டுச்சாயக் குழலுக்கு நீளம் போதவில்லை. பவுடர் டின்னைப் பிடித்தால் ஊசி தெரியவில்லை. கடைசியில் ஒரு பச்சை ஸ்கெட்ச் பேனாவின் உள்ளேயிருந்ததை உருவிப் போட்டுவிட்டு, உட்சுவர் முழுக்க மெல்லிய செப்புத்தகட்டைச் சுருட்டி ஒட்டினாள். வெளி இரைச்சலைத் தகடு வாங்கிக்கொள்ளும். உள்ளே கம்பி அசையாமலிருக்க மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாள். நுனியில் பத்தாம் நம்பர் தையல் ஊசி கொஞ்சம் கோணலாக நின்றது. மெழுகு ஒழுகிப் பேனாவுக்கு மூக்குச் சளி பிடித்தமாதிரி இருந்தது.

"இதக் கொண்டுட்டு எங்க கம்பெனிக்குப் போனா வாட்ச்மேன்கூட உள்ள விடமாட்டாரு," என்றாள்.

கோடு ஆடவில்லை. மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

ஆனால் முத்திரையைக் கலைக்கும் நேரம் வந்தபோது சிரிப்பு காணாமல் போனது. முத்திரை கலைந்த வீட்டிலிருந்து சலவியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொன்று கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நகர்வதற்குள் மருதாசலம் இருக்கமாட்டான்.

"வேண்டாமுங்க," என்றாள் துளசிமணி. "தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா?"

மருதாசலம் கையில் குழாய்களோடு படுத்திருந்தான். சலவை தொடங்கியிருந்தது.

"போகட்டும். இது இருந்துந்தான் செத்துட்டு இருக்கறேன்," என்றான். நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டான். "நான் தண்ணி குடிக்கலீன்னு நீ ஒருத்தியாவது தெரிஞ்சுக்கோ. அது போதும்."

துளசிமணி கத்தரிக்கோலை எடுத்து முத்திரை இழையைத் தானே வெட்டினாள்.

"முத்திரை கலைஞ்சுதுங்க," என்றது சலவி. "ஆய்வருக்குச் சொல்லியாச்சுங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க," என்றான் நஞ்சப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உள்ளே ஒளி ஊடுருவும் குழாயில் மருதாசலத்தின் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒட்டினாற்போல மோட்டாருக்குப் போகும் கம்பி. ஊசி கம்பியின் தோலை மட்டும் குத்தவேண்டும். சறுக்கிப் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத் தொட்டால் மோட்டார் நின்றுவிடும். குழாய்களில் இருக்கும் இரத்தம் உடம்புக்கு வெளியே உறைந்து நிற்கும். நஞ்சப்பன் இரண்டு முறை ஊசியைக் கிட்டே கொண்டுபோய் இரண்டு முறையும் பின்வாங்கினான். துளசிமணி பேனாவை வாங்கிக்கொண்டாள். மூச்சை அடக்கி, ஊசியைக் கம்பிமேல் வைத்து அழுத்தினாள்.

திரையில் வரிசையாகத் துடிப்புகள் வந்தன. துடிப்பு அகலமாக இருந்தால் மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். இவை குச்சி குச்சியாக இருந்தன.

"பாதி வேகங்கூட இல்லீங்க அண்ணி."

"சலவி முகப்புல முழுவேகம்னு காட்டுதே!"

அழைப்புமணி அடித்தது. நஞ்சப்பன் ஒரு துணிக் கிளிப்பைக் கொண்டு பேனாவைக் கம்பியோடு சேர்த்துக் கவ்வவிட்டு மூடியைச் சாத்தினான். செல்போனை மருதாசலத்தின் போர்வைக்குள் செருகினான்.

ஆய்வர் சுபாஷினி உள்ளே வந்ததும் வெட்டுப்பட்ட இழையைத்தான் பார்த்தார். "யார் ஒடச்சது?"

"நான்தானுங்க மேடம்," என்றாள் துளசிமணி.

"படிச்சவங்கதானே நீங்க? இவர் உயிரு இதுல ஓடிட்டிருக்கு. சலவை முடிஞ்சதும் வண்டி வந்து தூக்கிட்டுப் போகும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தூக்கறதுக்கு முன்னால ஒருக்கா உங்க முனையச் செருகிப் பாருங்க மேடம். ஒரே ஒருக்கா."

எப்படியும் அவர் அதைச் செய்தே ஆகவேண்டும், அறிக்கைக்கு வேண்டும். செருகினார். போர்வைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மருதாசலத்தின் முகம் மாறியது. செல்போனை வெளியே எடுத்து ஆய்வரின் பக்கம் திருப்பினான். துடிப்புகள் கொழுத்துத் தடித்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

"இப்ப எடுங்க மேடம்," என்றான்.

எடுத்தார். துடிப்புகள் மெலிந்தன.

"வைங்க."

தடித்தன. சுபாஷினி மூன்றாம் முறை தாமாகவே செருகி, எடுத்து, மறுபடி செருகினார். பிறகு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எந்த முனையும் தொடுகிற இடத்திலிருந்து துளி மின்சாரத்தை உறிஞ்சத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. ஆய்வுமுனைகளெல்லாம் ஒரே தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவை. ஆகவே எல்லாம் ஒரே அளவு உறிஞ்சின. அது ஒரு கைரேகை மாதிரி. தண்ணீரையும் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கும் சலவிக்கு மதிப்பெண் உண்டு. ஆய்வில் தேறும் சலவிக்கும் மதிப்பெண் உண்டு. எந்தச் சலவிக்கும் திருடச் சொல்லி யாரும் கற்றுத்தரவில்லை. அந்தக் கைரேகை தெரிந்தால் முழுவேகம், தெரியாவிட்டால் அரைவேகம் என்று ஓடினால் இரண்டு மதிப்பெண்ணும் கிடைக்கும் என்பதை ஏதோ ஒரு சலவி தானாகக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததை இரவோடிரவாக மற்ற சலவிகளுக்கும் சொல்லிவிட்டது. அவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறவை. பச்சைப் பேனாவின் கோணல் ஊசியும் மெழுகும் சுருட்டிய தகடும் சேர்ந்த கைரேகை மட்டும் இந்த வீட்டுச் சலவிக்குப் பழக்கமில்லை. ஏதோ தூசு என்று விட்டுவிட்டது.

"அணைச்சுப் போடுங்க," என்றார் சுபாஷினி கடைசியில். "மறுபடி தொடங்கும்போது தன்னைத்தானே சோதிச்சுக்கும். அந்தச் சலவை முடியறவரைக்கும் முழுசா ஓடியே ஆகணும். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு புது வடிகட்டி போயிடும். வடிகட்டி அளந்துதான் தருவாங்க. அதனால தொட்டுப் பார்த்து, கொறஞ்சிருந்தா மட்டும் அணைங்க."

"வண்டி, மேடம்?"

"வராது." அவர் புது முத்திரை இழை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். கட்டவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

துளசிமணி தாலிக்கொடியிலிருந்து சாவியைக் கழற்றினாள். மருதாசலத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுது அழுது நீ எதுக்கு நீரை வீணாக்கறே?" என்றான் அவன். "ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. அளந்தே கொண்டா. உன்ற கையால குடு."

கோயமுத்தூர்க்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. ஒரு பொருள் ஓடிவிட்டதென்றால் அதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். "அச்சுப் போட்டுறலாமா?" என்பதுதான் அடுத்த பேச்சு.

முதலில் வந்தவர்களுக்குக் கையால்தான் செய்து கொடுத்தார்கள். அப்பாவுக்காகச் சோமனூரிலிருந்து வந்த ரேணுகாதேவிக்குக் கண்மைக் குழலில் ஒன்று. இன்னொருவருக்கு ஊசிமருந்துக் குழலில். வேறொருவருக்கு டார்ச் லைட்டுக்குள். எல்லா வீட்டிலும் சலவி கையும் களவுமாகப் பிடிபட்டது. வாசலில் செருப்புகள் குவிந்தன. கையால் செய்து மாளவில்லை. தவிர, ஒழுகும் மெழுகையும் கோணல் ஊசியையும் பார்த்துத் துளசிமணிக்கே வெட்கமாக இருந்தது. தன் பெயரைச் சொல்லி ஊருக்குள் போகிற பொருள் இந்த லட்சணத்திலா போகவேண்டும்?

அவள் அச்சு வடித்தாள். இருபது வருடத் தொழிலில் இவ்வளவு ஆசையாக வேறு எதையும் வடித்ததில்லை. இளம்பச்சை நிறக் கூடு. கட்டைவிரல் உட்கார ஒரு குழிவு. உட்சுவரில் செப்பு, பூசினாற்போல ஒரே கனத்தில். ஊசி நூல்பிடித்தமாதிரி நேர். கூடவே, முத்திரையை வெட்டாமல் மூடியின் ரப்பர் அடைப்பைக் குத்தி மோட்டார் கம்பியைத் தொட ஒரு வழிகாட்டிக் குழல். நஞ்சப்பன் ஒவ்வொன்றையும் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்து, ஒன்று இம்மி பிசகினாலும் தூக்கிக் குப்பையில் போட்டான். "துளசி முனை" என்று பெயர் வைத்தது மருதாசலம்.

"என்ற கிட்னி செத்தாலும் ஒரு கம்பெனியப் பெத்துட்டுத்தான் செத்திருக்குது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். கால் வற்றியிருந்தது. மாடிப்படி ஏறினான்.

நாலாயிரம் வீடுகளுக்குத் துளசி முனை போயிற்று. நாலாயிரம் வீடுகளிலும் மெலிந்த துடிப்பைப் பார்த்தார்கள், அணைத்தார்கள், மறுபடி தொடங்கினார்கள். பிறகு ஓர் அதிசயம் நடந்தது. அணைக்கவேண்டிய அவசியமே குறைந்துகொண்டு வந்தது. எந்த வீட்டில் தொட்டாலும் தடித்த துடிப்பு. "திருட்டு நாய்க்குப் பயம் வந்துருச்சு," என்று சனங்கள் சிரித்தார்கள். பொறிநலத் துறைக்கும் நிம்மதி. இனி வீட்டுக்கு வீடு சோதிக்க இதையே ஏற்கலாம் என்று முடிவாயிற்று. அந்தச் சேதியைச் சுபாஷினியே இனிப்புப் பெட்டியோடு வந்து சொன்னார்.

"ஒரே நிபந்தனைதான். வேற வேற மாதிரி முனை புழங்கக் கூடாது. கையால செஞ்சதெல்லாம் திரும்ப வாங்கிடணும். இனிமே இது மட்டுந்தான்."

துளசிமணிக்குத் தலைகால் புரியவில்லை. கண்மைக் குழலையும் டார்ச் லைட்டையும் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் இளம்பச்சை முனையைக் கொடுத்தாள்.

ஒரு காலையில் மருதாசலம் செருப்புக்குள் காலை நுழைக்க முடியாமல் நின்றான். அவள் குனிந்து கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி நின்றது.

அன்று மத்தியானம் சலவை நடக்கும்போது துளசி முனையால் தொட்டுப் பார்த்தாள். தடித்த, அழகான, முழுத் துடிப்பு. அடுத்த சலவையிலும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே. கால் மட்டும் வீங்கிக்கொண்டே போனது. முகம் உப்பியது. உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. அழுக்கு இரத்தத்திலேயே தங்கினால் அப்படித்தான் அரிக்கும்.

"தண்ணி குடிச்சீங்களா?"

மருதாசலம் அவளையே பார்த்தான்.

"சொல்லுங்க. கவர்மெண்ட் முனையா இருந்தாச் சந்தேகப்படலாம். இது நான் செஞ்சது. என்ற கையால செஞ்சது. இது பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்லுவனா?"

அவள் எழுந்துபோய்ப் பழைய பூட்டைத் தேடி எடுத்துச் சமையலறையைப் பூட்டினாள். செய்துகொண்டிருப்பது என்னவென்று தெரிந்தேதான் செய்தாள். முனை காட்டுவதைக் கண் பார்க்கிறதே, பிறகு எப்படி நம்பாமலிருப்பது? பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. அவன் குடிக்கிற ஒவ்வொரு மிடறும் அவனை நெஞ்சடைத்துக் கொல்லப் போகிறது என்று நினைத்தாள். அவன் மேல் கோபமாக வந்தது.

திரும்பி வந்தபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். கையில் அந்தப் பச்சை ஸ்கெட்ச் பேனா. ஊசிப்பக்கத்தை உள்ளங்கையில் மறைத்துப் பிடித்து, அடிப்பக்கத்தால் தோள்பட்டைக்குக் கீழே தேய்த்தான்.

"அத எப்ப எடுத்தீங்க?"

"எல்லாத்தையும் வாங்கிக் குப்பைல போட்டப்ப. முதுகு சொறிய வாகா இருக்குதுன்னு எடுத்து வெச்சேன்." மூச்சு முட்டியது. சற்றுப் பொறுத்துப் பேசினான். "துளசி, நான் ஒண்ணும் கேக்கல. இதுல ஒருக்காத் தொட்டுப் பாரு."

"மெழுகெல்லாம் கொட்டிப் போச்சுங்க. தகடு கழண்டு கெடக்குது. அதுல என்ன தெரியும்?"

"தெரியாட்டிப் போகுது. தொடு."

அவள் நஞ்சப்பனைக் கூப்பிட்டாள். அவன் வந்து பேனாவுக்குப் புதுப் பேட்டரி போட்டான். அடுத்த சலவை ஓடிக்கொண்டிருந்தது. துளசிமணி மூடியைத் திறந்து கம்பியில் பேனா ஊசியைக் குத்தினாள்.

குச்சி குச்சியாகத் துடிப்புகள்.

"பேனா கெட்டுப்போச்சு," என்றாள். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

"புடிச்சுக்கோங்க அண்ணி, எடுக்காதீங்க," என்றான் நஞ்சப்பன். அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. மேசையிலிருந்த துளசி முனையை எடுத்து அதே கம்பியைத் தொட்டான்.

பேனாவின் திரையில் துடிப்புகள் தடித்தன.

எடுத்தான். மெலிந்தன. தொட்டான். தடித்தன. மோட்டாரின் சத்தமும் ஏறி இறங்கியது. இந்த முறை துளசிமணியின் காதுக்கே கேட்டது. மூன்றாம் முறை அவன் தொடப்போனபோது, "போதும் தம்பி," என்றாள்.

ஒரு வீட்டில் ஒரு கோணல் ஊசி தொட்டால் அது தூசு. நாலாயிரம் வீடுகளில் இம்மி பிசகாத ஒரே தொடுகை பட்டு, பட்டவுடனே அணைத்தார்கள் என்றால் அது தூசு அல்ல. சலவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு அந்தக் கைரேகையையும் மனப்பாடம் செய்துவிட்டன. அவை மனப்பாடம் செய்வதற்கு வசதியாக, ஒன்றுகூடப் பிசகாமல் வார்த்துக் கொடுத்தவள் அவளேதான். மோசமாகச் செய்திருந்தால் தப்பித்திருப்பாள்.

"அணைங்க. மொதல்ல அணைங்க," என்றாள் துளசிமணி.

கடைசி வடிகட்டி ஒன்று மீதம் இருந்தது. நஞ்சப்பன் மாட்டினான். சலவியின் முகப்பு அணைந்து எரிந்தது. "தொடங்கறேனுங்க," என்றது, ஒன்றுமே நடக்காததுபோல. மோட்டார் முழுவேகத்தில் ஏறியது. மருதாசலம் கண்களை மூடிக்கொண்டான். மார்பு ஏறி இறங்குவதைத் துளசிமணி பார்த்தபடியே நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் அந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் சீரானது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அச்ச மாத்திப் போட்டுறலாமுங்க அண்ணி," என்றான் நஞ்சப்பன் தயங்கித் தயங்கி. "கூட்டக் கொஞ்சம் தடிமனா—"

"எந்த அச்சுப் போட்டாலும் அதையும் பழகிக்கும். அச்சே ஆகாது. வீட்டுக்கு வீடு வேற வேறயா, அவங்கவங்க கையால, கோணல் மாணலாச் செய்யோணும்." சொல்லும்போதே மேசைமேல் கிடந்த இளம்பச்சை முனையைப் பார்த்தாள். கட்டைவிரல் குழிவு அழகாகத்தான் இருந்தது. "இப்ப இந்த நிமிசத்துல எத்தன வீட்டுல இத வெச்சுப் பாத்துட்டு நலம்னு உக்காந்திருக்காங்களோ!"

செல்போனை எடுத்தாள். நினைவுக்கு வந்த முதல் பெயர் சோமனூர் ரேணுகாதேவி. எடுத்தவுடனே அந்தப் பெண் கலகலவென்று பேசினாள்.

"சொல்லுங்கக்கா! நல்லாருக்கீங்களா?"

"அப்பா எப்படி இருக்காரு ரேணுகா?"

"அத ஏனுங்க்கா கேக்கறீங்க. காலு தூணாட்டம் வீங்கிக் கெடக்குதுங்க. மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க, ஒவ்வொருக்காவும் உங்க முனைய வெச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கறேன், ஜம்முனு ஓடுது. இவருதான் திருட்டுத்தனமாத் தண்ணி குடிக்கறாருங்க. குடிக்கலீன்னு சின்னக் கொழந்தையாட்டம் அழுகறாரு வேற. சமையக்கட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டேன்."

துளசிமணி போய்த் தன் சமையலறைப் பூட்டைத் திறந்துகொண்டே பேசினாள்.

"ரேணுகா, நான் சொல்றதக் கேளு. அவரு குடிக்கல. முனைதான் பொய் சொல்லுது. மெஷின் அதப் பழகிருச்சு. உடனே அணைச்சுட்டு மறுபடி போடு."

ரேணுகாதேவி பரிவோடு பேசினாள்.

"அக்கா, உங்களுக்கு என்னங்க ஆச்சு? நீங்க செஞ்சத நீங்களே நம்பலீன்னா எப்படிங்க? எங்ககிட்ட ரெண்டே வடிகட்டிதான் இருக்குது, அத வீணாக்கச் சொல்றீங்களே. இப்பத்தான் தொட்டுப் பாத்தேனுங்க. முழுசா ஓடுதுங்க. என்ற கண்ணால பாத்தனுங்க."

மருதாசலம் படுக்கையிலிருந்து கையை நீட்டினான். அதில் பச்சைப் பேனா இருந்தது. கொண்டுபோய்க் காட்டு என்கிறான். துளசிமணி வேண்டாமென்று தலையசைத்தாள். இதையும் வீடு வீடாகக் கொண்டுபோனால் இதையும் பழகிக்கொள்ளும். அங்கே போய், அந்த வீட்டில் கிடக்கிற ஏதாவது ஒரு குழலில், அவர்கள் கையாலேயே செய்யவைக்க வேண்டும். நாலாயிரம் வீடு. நஞ்சப்பன் அதற்குள் ஊசிப் பொட்டலத்தையும் பற்றவைக்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"சரி கண்ணு, நீ ஒண்ணும் நம்ப வேண்டாம்," என்றாள் துளசிமணி. "நான் கெளம்பி வரேன். நான் வர்ரதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு பண்ணு. அந்தப் பூட்ட மட்டும் தொறந்து வெய்யி."

ரேணுகாதேவி நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கே நடக்கிறாள் என்று தெரியவில்லை. பின்னணியில் வயசான குரல் ஒன்று என்னவோ கெஞ்சியது. சோமனூர்ச் சலவி மரியாதையாக "நலமுங்க" என்றது. பூட்டுத் திறக்கும் சத்தம் வருகிறதா என்று துளசிமணி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.